விடுபட்ட புள்ளிகள்



இந்த மாதம் ஒரு மன்னிப்பிலிருந்து தொடங்குகிறேன். சென்ற ஆண்டு ஆடி முதல் ஐப்பசி வரை வந்த நம் இதழ்கள் நான்கிலும் அச்சுப்பிழைகள் மலிந்திருந்தன. மெய்யெழுத்துகளின் தலைமேல் இருக்க வேண்டிய புள்ளி பல இடங்களில் இல்லை. ‘மண்’ என்பது ‘மண’ ஆகியிருந்தது. ‘கண்’ என்பது ‘கண’ ஆகியிருந்தது. சமையல் பக்கத்தில் 3 டம்ளர் தண்ணீர் 8 டம்ளர் என்று அச்சாகி, அதை நம்பி உலை வைத்த சகோதரி ஒருவர் வருத்தத்தோடு எழுதியிருந்தார். கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஐப்பசி இதழ் முழுவதையும் சிவப்பு மையால் திருத்தித் தபாலில் திருப்பி அனுப்பினார். எண்ணிப் பார்த்தேன், 41 சுழிகள். “இதை என் பேரப்பிள்ளைகளிடம் வாசிக்கக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன்” என்று கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருந்தார்.

அந்த இதழைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் மெய்ப்புத் திருத்துநரின் மேசைக்குப் போனேன். கோபமாகத்தான் போனேன். பதினாறு ஆண்டுகளாக எங்களோடு இருப்பவர். ஒற்று மிகும் இடம், மிகா இடம் பற்றி எனக்கே சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கேட்பேன். வயது 47. “கவனம் எங்கே இருக்கிறது?” என்று, பக்கத்து மேசையில் இரண்டு பேர் இருக்கும்போதே கேட்டேன். அவர் இதழை வாங்கிப் புரட்டினார். “பார்த்தேன் சார். ஒவ்வொரு ஃபாரத்தையும் ரெண்டு தடவை பார்த்தேன்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, எல்லாரும் கிளம்பிய பிறகு, மறந்து வைத்த ஒரு கோப்பை எடுக்க அலுவலகத்துக்குத் திரும்பினேன். குழல் விளக்குக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு, வலக் கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, தாளை மூக்குக்கு அருகே பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை எடுத்துவிட்டார். உட்காரச் சொல்லிக் கேட்டேன்.

“வரியெல்லாம் நெளியுது சார். மழைத்தண்ணி வழியற கண்ணாடி வழியா பார்க்கற மாதிரி. நடுவுல இருக்கற எழுத்து மட்டும் கலைஞ்சு போயிடுது. வலது கண்ணுல ஒரு கறுப்பு நூல் மிதந்துக்கிட்டே இருக்கு.”

“எத்தனை நாளா?”

“சித்திரையில இருந்து இருக்கும். கண்ணாடி மாத்தினேன் சார். ரெண்டு தடவை மாத்தினேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு ஃபாரத்தையும் இரண்டு தடவை பார்த்துத்தான் இருக்கிறார். புள்ளி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த நாற்பத்தொரு சுழிகளுக்கும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது வாசகர்களிடம் மட்டும் இல்லை என்று அன்று இரவு புரிந்தது. மறுநாள் காலை, முன்பு திட்டும்போது இருந்த அதே இரண்டு பேரின் முன்னால் அவரிடமும் கேட்டேன்.

அவருக்குச் சர்க்கரை வந்து பதினோரு ஆண்டுகள். மாத்திரையைத் தவறவிட்டவர் அல்ல. வெறும் வயிற்றில், சாப்பிட்ட பின், மூன்று மாதச் சராசரி என்று ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் தேதி வாரியாக வைத்திருக்கிறார். அந்த உறையில் கண்ணைப் பற்றி ஒரு தாள்கூட இல்லை. பதினோரு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை விரித்து, உள்ளே யாரும் பார்த்ததில்லை. கேட்டால், “கண் டெஸ்ட் பண்ணிக்கிட்டுத்தானே இருக்கேன் சார், கம்ப்யூட்டர் டெஸ்ட்டே பண்ணினாங்க” என்கிறார்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். நம் வாசகர்களில் பலர் இதே எண்ணத்தில் இருப்பீர்கள். கண்ணாடிக் கடையில் முகவாயை ஒரு கருவியில் வைத்தால், நீண்ட சாலையின் முடிவில் ஒரு பலூன் தெரியும், மங்கித் தெளியும், சீட்டில் எண்கள் வந்து விழும். அது கண்ணின் முன்பக்கம் ஒளியை எப்படி வளைக்கிறது என்று அளக்கும் கருவி. உங்களுக்கு எந்த எண் கண்ணாடி வேண்டும் என்று சொல்லும். விழித்திரையில் ரத்தம் கசிந்திருக்கிறதா என்று சொல்வது அதன் வேலை அல்ல. ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லையில் நீர்ச்சத்து கூடிக் குறைந்து, பார்வை எண்ணும் ஏறி இறங்கும். அதனால் சர்க்கரை உள்ளவருக்குப் புதுக் கண்ணாடி போட்டதும் சில வாரம் நன்றாகத் தெரிவதும், பிறகு மீண்டும் மங்குவதும் உண்டு. சர்க்கரை ஒரு நிலைக்கு வந்த பிறகே கண்ணாடி மாற்ற வேண்டும் என்று கண் மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். நாங்கள் அண்ணன் என்று அழைக்கும் எங்கள் மெய்ப்புத் திருத்துநர் எட்டு மாதத்தில் இரண்டு கண்ணாடி மாற்றினார். அந்த எட்டு மாதமும் நோய் உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே நடப்பது இதுதான். கண்ணின் பின்சுவரில் மெல்லிய சவ்வாக விரிந்திருப்பது விழித்திரை. நம் மக்கள் பேச்சில் அதுதான் ‘கண் நரம்பு’. அதன் நடுவில் ஒரு சிறு வட்டம். தமிழில் அதற்குப் பெயரே மஞ்சள் புள்ளி. எழுத்தை வாசிப்பது, ஊசியில் நூல் கோப்பது, எதிரே வருபவர் யார் என்று முகம் பார்த்து அறிவது எல்லாம் அந்தப் புள்ளியின் தயவில்தான். விழித்திரைக்கு ரத்தம் கொண்டுவருபவை மயிரிழையிலும் மெல்லிய குழாய்கள். ஆண்டுக்கணக்கில் சர்க்கரை மிகுந்த ரத்தம் ஓடினால் அவற்றின் சுவர் நலிந்து, அங்கங்கே கடுகளவுகூட இல்லாத புடைப்புகள் வரும். பிறகு வாய்க்கால் கரையில் கசிவதுபோல நீரும் கொழுப்பும் ரத்தமும் கசியும். கசிந்த நீர் மஞ்சள் புள்ளியில் தேங்கினால் அது வீங்கி, நேர்க்கோடு நெளியும். இன்னொரு பக்கம், சில குழாய்கள் அடைத்துப்போய் விழித்திரையின் சில பகுதிகள் ரத்தம் கிடைக்காமல் தவிக்கும். அந்தத் தவிப்பில் புதுக் குழாய்கள் முளைக்கும். அவை வலுவற்றவை. கண்ணை நிரப்பியிருக்கும் கூழுக்குள் அவை உடைந்து கசியும்போதுதான் கறுப்பு நூலும் புகையும் மிதக்கும். ஒருநாள் காலை எழுந்தால் திரை போட்டதுபோல மொத்தமும் மறைந்துவிடலாம். புதுக் குழாய்களோடு வளரும் தழும்பு இழுத்து விழித்திரையே பிரிந்துவிடவும் கூடும்.

இந்தக் கட்டங்களில் பொதுவாக வலி இருக்காது. கண் சிவக்காது, உறுத்தாது, நீர் வடியாது. பார்வை மங்குகிறது என்று நோயாளி உணரும்போது நோய் பல கட்டங்களைத் தாண்டியிருக்கும்.

மருத்துவமனையில் பார்த்தபோது எங்கள் அண்ணனுக்கு இடக் கண்ணில் மஞ்சள் புள்ளி வீக்கம். வலக் கண்ணில் புதுக் குழாய்கள் முளைத்து ஒருமுறை உடைந்திருந்தன. லேசர் மூன்று தவணை, பிறகு கண்ணுக்குள் ஊசி. கண்ணுக்குள் ஊசி என்றதும் அவர் மனைவிக்குக் கைகால் நடுங்கிவிட்டது. மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுகிறார்கள். போடும் நேரம் சில வினாடிகள். அந்த மருந்தின் வேலை, புதுக் குழாய்களை முளைக்கத் தூண்டுகிற, கசியவும் வைக்கிற ஒரு புரதத்தைத் தடுத்து நிறுத்துவது. ஆனால் அதன் வீரியம் ஒரு மாதம்போலத்தான் நிற்கும். மீண்டும் போட வேண்டும். முதல் ஆண்டில் ஏழெட்டு ஊசிகூட ஆகலாம். இதே குடும்பத்து மருந்துகளில் பெவாசிஸுமாப் என்பது முதலில் பெருங்குடல் புற்றுநோய்க்காக 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு குப்பியை நுண்ணிய அளவுகளாகப் பிரித்துப் பல கண்களுக்குப் பயன்படுத்த முடிவதால் விலை வெகுவாகக் குறைகிறது. உலகச் சுகாதார நிறுவனம் அதைக் கண் மருந்தாகத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கண்ணுக்கென்றே உருவாக்கிய மற்ற மருந்துகளின் விலை அதைப்போலப் பல மடங்கு.

லேசரைப் பற்றி ஒரு செய்தி சொல்ல ஆசை. 1945 ஜூலை 9-ஆம் தேதி ஐரோப்பாவில் சூரிய கிரகணம். அதை வெறும் கண்ணால் பார்த்த ஒரு மருத்துவ மாணவரின் விழித்திரையில் சூடு பட்ட தழும்பு விழுந்தது. அந்தத் தழும்பைப் பரிசோதித்த ஜெர்மன் கண் மருத்துவர் கெர்ட் மேயர்-ஷ்விக்கராத்துக்கு ஒரு யோசனை: ஒளியால் தழும்பு உண்டாக்க முடியுமென்றால், நாமே வேண்டிய இடத்தில் உண்டாக்கி விழித்திரைக் கிழிசலை ஒட்டவைக்கலாமே. ஹாம்பர்க்கில் மருத்துவமனை மாடியில் கண்ணாடிகளை வைத்துச் சூரிய ஒளியையே நோயாளியின் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார். அந்த மாடியில் தொடங்கியதுதான் இன்றைய கண் லேசர் சிகிச்சை. சரியான காலத்தில் விழித்திரையின் ஓரங்களில் லேசர் வைத்தால் கடும் பார்வையிழப்பின் வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைகிறது என்று 1970-களிலேயே அமெரிக்காவின் பெரிய ஆய்வு காட்டிவிட்டது. அதாவது, இந்த நோயால் வரும் குருட்டைத் தடுக்க வழி தெரிந்து அரை நூற்றாண்டு ஆகிறது.

அப்படியானால் எங்கள் அண்ணன் ஏன் பதினோரு ஆண்டுகள் போகவில்லை? இதை அவரிடம் கேட்டேன். குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவர் சொன்ன பதில் இந்தப் பக்கத்தை எழுத வைத்தது.

“ஒருதடவை போனேன் சார். நாலு வருஷம் முன்னாடி. சொட்டு மருந்து விடறதுக்கு உட்கார வெச்சாங்க. விட்டா அன்னிக்கு முழுக்க படிக்க முடியாதுன்னாங்க. அன்னிக்கு ராத்திரி பதிப்பகத்துக்கு எண்பது பக்கம் கொடுக்கணும். எழுந்து வந்துட்டேன்.”

எங்களிடம் அவருக்கு மாதச் சம்பளம். மாலையில் இரண்டு பதிப்பகங்களுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று மெய்ப்புப் பார்ப்பார். வீட்டு வாடகை அதிலிருந்துதான். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்தின் வேலை அடங்க நாலைந்து மணி நேரம் ஆகும். அதுவரை கிட்டப்பார்வை கலங்கும், வெளிச்சம் கூசும், வண்டி ஓட்டக்கூடாது. மாதச் சம்பளமும் விடுப்பும் உள்ளவருக்கு அது ஒரு மதியம். மற்றவர்களுக்கு?

திருப்பூரில் பீஸ் ரேட்டில் ஓவர்லாக் ஓட்டும் பெண்ணுக்கு அது சனிக்கிழமைக் கணக்கில் விழும் ஓட்டை. லோடு ஆட்டோக்காரருக்கு வண்டியை ஸ்டாண்டில் விட்டுவிட்டு, வீட்டுக்குத் திரும்ப இன்னொருவரின் வண்டிக்குக் காசு கொடுக்க வேண்டிய நாள். கோயம்புத்தூர் நகைப் பட்டறையில் கல் பதிப்பவருக்கு அன்று கல்லும் தெரியாது, குழியும் தெரியாது. மேஸ்திரி சாரம் ஏற முடியாது. இவர்கள் யாரும் கண்ணை அலட்சியம் செய்பவர்கள் அல்ல. கண்ணால் பிழைப்பவர்கள். வலியில்லாத, இன்னும் தெரியாத ஒரு நோய்க்காக இன்றைய கூலியை விட முடியாமல் இருப்பவர்கள். “ஏன் முன்னாடியே வரலை?” என்று மருத்துவமனையில் கேட்கும் கேள்விக்கு இவர்கள் தலைகுனிந்து நிற்பதை இப்போது ஒன்பது மாதமாகப் பார்த்துவிட்டேன். அந்தக் கேள்வி தவறான ஆளிடம் கேட்கப்படுகிறது என்பது என் எண்ணம்.

கார்த்திகை முதல் ஆடி வரை அவர் மருத்துவமனைக்குப் போன நாள்களை, அவர் நாள்குறிப்பை வைத்துக்கொண்டு நானும் அவரும் கணக்குப் போட்டோம். 19 நாள்கள். அதில் 16 நாள் அவர் மனைவி கூடப் போயிருக்கிறார். தாம்பரம் பக்கம் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் செக்கிங் வேலை அவருக்கு. வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் இரண்டு நாள் பள்ளிக்குப் போகாமல் அப்பாவின் கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கிறாள். போகும்போது பேருந்து, திரும்பும்போது வெளிச்சம் கூசுவதால் ஆட்டோ. பதிப்பக வேலை நின்றுபோனது. சிகிச்சைக்கும் மருந்துக்கும் ஆன தொகையை ஒரு பக்கம் எழுதினோம். போக்குவரத்தையும் போன சம்பளத்தையும் நின்ற வருமானத்தையும் இன்னொரு பக்கம் எழுதினோம். இரண்டாவது தொகை முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது. எந்த மருத்துவமனை ரசீதிலும் இந்த இரண்டாவது பக்கம் வராது. காப்பீட்டில் கேட்க முடியாது. நாட்டின் மருத்துவச் செலவு என்று கூட்டிச் சொல்லும் தொகைகளிலும் அந்த மகளின் இரண்டு நாள் இருக்காது.

நோய் பரவியிருக்கும் அளவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வின்படி, நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேருக்கும் மேல். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம், ஏழு பேரில் ஒருவர். சென்னையில் வெவ்வேறு குழுவினர் நடத்தி 2005-லும் 2009-லும் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளும், சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்கு 18 பேர் அளவில் விழித்திரை பாதித்திருப்பதாகக் கண்டன. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றி 2022-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில் 12.5 சதவீதம், பார்வையையே பறிக்கக்கூடிய கட்டத்தில் 4 சதவீதம். 1990-க்கும் 2020-க்கும் இடையில் உலகில் கண்புரை உட்பட மற்றக் காரணங்களால் வரும் குருடு, வயது வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால், குறைந்திருக்கிறது. கூடியது சர்க்கரை நோயால் வரும் குருடு ஒன்றுதான். ஐரோப்பியர்களைவிட ஏறத்தாழ பத்தாண்டுகள் முன்னதாகவே நமக்குச் சர்க்கரை வந்துவிடுகிறது. முப்பத்தைந்தில் வந்தால், விழித்திரை கெடத் தேவையான பத்துப் பதினைந்து ஆண்டுகள் முடியும்போது வயது ஐம்பது. பிள்ளை கல்லூரியில் இருப்பான், வீட்டுக் கடன் பாதியில் நிற்கும்.

கண்புரை பெரும்பாலும் ஓய்ந்த வயதில் வரும். ஒரே அறுவையில் பார்வை திரும்பும். அதை ஊர் ஊராய்ப் போய் ஒழிக்கலாம் என்று நம் மண்ணில்தான் செய்து காட்டினார்கள். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை உலகமே வந்து பார்க்கிறது. முகாம் பேருந்து வரும், பாட்டியை ஏற்றிப் போகும், மூன்றாம் நாள் கொண்டுவந்து விடும். அந்தப் பேருந்தில் நாற்பத்தைந்து வயதுக்காரர் ஏறமாட்டார். அவர் அந்த நேரத்தில் வேலையில் இருப்பார்.

வேலைக்குப் போகும் வயதினரை எட்ட முடியும் என்பதற்கு இங்கிலாந்து ஒரு சான்று. அங்கே குறைந்தது ஐம்பது ஆண்டுகளாக உழைக்கும் வயதினரின் குருட்டுக்கு முதல் காரணம் சர்க்கரை நோயாகவே இருந்தது. 2003 முதல் ஒரு திட்டத்தைப் படிப்படியாக நாடெங்கும் கொண்டுவந்தார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களின் பெயர்ப் பட்டியல், 12 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் வீட்டுக்கு ஓர் அழைப்புக் கடிதம், பயிற்சி பெற்ற ஊழியர் எடுக்கும் விழித்திரைப் படம். 2009–10-ஆம் ஆண்டின் குருட்டுச் சான்றிதழ்களை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டபோது, அரை நூற்றாண்டில் முதன்முறையாகச் சர்க்கரை நோய் முதலிடத்திலிருந்து இறங்கியிருந்தது. பத்தாண்டுகளில் அதன் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 14.4 சதவீதமாகக் குறைந்திருந்தது. சர்க்கரை நோயாளிகளின் எண்ணிக்கை அங்கும் கூடிக்கொண்டிருந்த காலம் அது. காரணம் பரிசோதனைத் திட்டமும், சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் நன்றாகக் கட்டுப்படுத்தியதும் ஆகலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த அழைப்புக் கடிதத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எங்கள் அண்ணனுக்குப் பதினோரு ஆண்டுகளில் பதினோரு கடிதம் வந்திருக்கும்.

இங்கே கருவியும் அறிவும் இல்லாமல் இல்லை. பெரும்பாலோருக்குச் சொட்டு மருந்தே இல்லாமல் விழித்திரையைப் படம் எடுக்கும் கேமராக்கள் வந்துவிட்டன. எடுக்க மருத்துவர் வேண்டியதில்லை. கேரளத்தில் 2018-இல் தொடங்கிய நயனாமிர்தம் திட்டத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்துக் குடும்ப நல மையங்களில் செவிலியர்களே கைக்கேமராவால் படம் எடுத்தார்கள். அரவிந்தின் கிராமப்புறக் கண் மையங்களில் எடுக்கும் படத்தை நகரத்து மருத்துவர் பார்த்துச் சொல்கிறார். படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் கணினி நிரலை கூகுள் 2016-இல் வெளிப்படுத்தியபோது, அதற்குப் பயிற்சி கொடுத்த 1,28,000-க்கும் மேற்பட்ட படங்களில் அரவிந்திலிருந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவிலிருந்தும் போனவையும் உண்டு. நம் உழைப்பாளிகளின் விழித்திரையைப் பார்த்து அந்தக் கணினி கற்றது. அது திரும்பி வந்து நம் உழைப்பாளிகளின் பணியிடத்தில் நிற்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தானே.

2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது, சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கு வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்தது. 2024-இல் தொழிலாளர்களை அவர்களின் பணியிடத்திலேயே பரிசோதிக்கும் திட்டமும் தொடங்கியது. ரத்த அழுத்தக் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் தொழிற்சாலை வாசலுக்குள் போக முடிந்தால், விழித்திரைக் கேமராவும் போகலாம். பின்னலாடை நிறுவனத்துக் கேன்டீனில், லாரி புக்கிங் ஆபீஸில், மார்க்கெட்டில், கட்டட வேலை நடக்கும் இடத்தில், ஐந்து நிமிடம் போதும். கூலி போகாது. அரசின் கவனத்துக்கு இதை எழுதுகிறேன். திட்டம் வகுப்பவர்களில் நம் வாசகர்கள் இருப்பதும் எனக்குத் தெரியும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். சர்க்கரை என்று தெரிந்த அன்றே விழித்திரையையும் பார்த்துவிடுங்கள். நாற்பது வயதுக்காரருக்கு வரும் வகையில், தெரிவதற்குச் சில ஆண்டு முன்பே நோய் தொடங்கியிருக்கலாம். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, நன்றாகத் தெரிந்தாலும். சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்துக்குள் கண்ணைப் பார்க்க வேண்டும். கருக்காலத்தில் இந்த நோய் வேகமெடுக்கும். ரத்த அழுத்தத்தையும் விடாதீர்கள், அது உயர்ந்தாலும் விழித்திரைக்குப் பகைதான். கண் மருத்துவரிடம் உங்கள் தொழிலைச் சொல்லுங்கள். மாதாமாதம் வர முடியுமா, முடியாதா என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஊசியைப் பாதியில் விடுபவர்களுக்கு விளைவு மோசமாக இருப்பதால், வர முடியாதவருக்கு லேசர் பொருத்தமாக இருக்கலாம். இது தெரிந்தால்தான் மருத்துவர் முடிவு செய்ய முடியும். அரசுக் கண் மருத்துவமனைகளை நம்பிப் போங்கள். சென்னை எழும்பூர் கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது. இரு நூற்றாண்டுகளாக ஏழைகளின் கண்ணைப் பார்க்கிறது.

இன்சுலின் போட்டால் கண் போய்விடும் என்று சொல்பவர்களைத் தயவுசெய்து நம்பாதீர்கள். மாத்திரைக்கு அடங்காத நிலையில்தான் பலருக்கு இன்சுலின் தொடங்குகிறார்கள். அதற்குள் விழித்திரை கெட்டிருக்கும். பழி ஊசியின் மேல் விழுகிறது. நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரையை மிக வேகமாக இறக்கும்போது விழித்திரை சில மாதம் சற்று மோசமாவது உண்டு. அதனால்தான் தொடங்குமுன் கண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நாளடைவில் காப்பது கட்டுப்பாடுதான். முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் 1993-இல் முடிந்த அமெரிக்க ஆய்வில், இன்சுலினால் சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரை நோய் தொடங்கும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது.

வேலைக்கு ஆள் வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஓட்டுநருக்கு, வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கு, கடைப் பையனின் அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், கண் பரிசோதனைக்காக ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்புக் கொடுங்கள். துணைக்கு வருபவர் உங்களிடம் வேலை செய்பவரானால் அவருக்கும் கொடுங்கள். எங்கள் அலுவலகத்தில் 14 பேர். இந்தப் பங்குனி முதல், சர்க்கரை உள்ளவர்களுக்கும் துணைபோகிறவர்களுக்கும் ஆண்டுக்கொரு ‘கண் நாள்’ என்று விடுப்புப் பதிவேட்டில் எழுதியிருக்கிறோம். அந்தப் பதிவேட்டின்படி முதலில் போன நால்வரில் ஒருவருக்கு ஆரம்பப் புடைப்புகள் இருப்பது தெரிந்தது. வயது 36. அவருக்கு இப்போதைக்குச் சிகிச்சை எதுவும் வேண்டாம், சர்க்கரையை இறக்கினால் போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

எங்கள் அண்ணன் வேலைக்குத் திரும்பிவிட்டார். வலக் கண்ணில் பழைய பார்வை வராது. இடக் கண்ணில் வீக்கம் இறங்கி, வரிகள் ஏறக்குறைய நேராகிவிட்டன. பெரிய திரையில் எழுத்தைப் பெருக்கி வைத்து வாசிக்கிறார், முன்னைவிட நேரம் ஆகிறது, ஆகட்டும். அவர் பார்ப்பதை இன்னொருவரும் ஒருமுறை பார்க்கிறார். பதிப்பக வேலையில் ஒன்று திரும்பக் கிடைத்திருக்கிறது. கும்பகோணத்து ஐயாவுக்கு நடந்ததை எல்லாம் எழுதினேன். அவர் பதில் போட்டார். தமக்கும் பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை என்றும், கடிதம் கிடைத்த மறுநாளே கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்ததாகவும் எழுதியிருந்தார்.

இந்தப் பக்கத்தின் மெய்ப்பையும் அண்ணன்தான் பார்த்தார். நான்கு இடங்களில் புள்ளி வைத்தார். தம் பெயரைப் போட வேண்டாம் என்றார். மகளைப் பற்றிய வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். “இருக்கட்டும் சார், அவ ரெண்டு நாள் நிஜம்தானே” என்றார்.

வரும் புதன்கிழமை அவருக்கு அடுத்த ஊசி. அவர் மனைவிக்கு அந்த வாரம் ஆர்டர் அனுப்பும் வேலை இருப்பதால் விடுப்புக் கிடைக்கவில்லை. நான் கூடப் போகிறேன். அன்று அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிடும் வாசகர்கள் அருள்கூர்ந்து வியாழன் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்